முப்பது ரூபாய்க் குமாஸ்தா

வயிற்றுப் பிழைப்பிற்காக ஒருவன் ஏற்கும் தொழில் அவன் அறிவை வளர்ப்பதும் உண்டு; வாட்டிவிடுவதும் உண்டு. இவ்விரண்டில் எது நிகழும் என்பது அவன் ஊக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. அவனுக்கு மேலிருப்போரின் கண்ணோட்டத்தையும் பொறுத்ததாகும். கணித மேதை சீநிவாச இராமாநுஜனின் வாழ்க்கை இவ்வுண்மைக்குத் தக்க சான்று.

எலவனாசூர்கோட்டையினின்றும் வடக்கு நோக்கிச் செல்லும் சாலை தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரை அடைகின்றது. கபிலர் உயிர் நீத்த இடமென்றும், முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்த தலமென்றும் அவ்வூரைத் தமிழ் மாணவர் போற்றுவர். பிற்காலத்தில் ஆங்கு நிகழ்ந்த மற்றொரு சந்திப்பைப் பலர் அறியார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் இளைஞர் ஒருவர் அவ்வூர் டிப்டி கலெக்டரை நாடி வந்தார். அவர் வேண்டியது ஒரு குமாஸ்தா வேலை. நற்சான்றாக அவர் கொணர்ந்தவை தம் கணக்குக் குறிப்பேடுகளே.

அவ்விளைஞரே இராமாநுஜன். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பல பெற்ற இராமாநுஜன், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், கல்லூரியில் உதவிச் சம்பளத்தை இழந்தார், எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1909இல் மணமும் முடிந்தது. பட்டமின்றிப் பதவி இல்லை. பதவியின்றி உணவிற்கு வழியில்லை.

திருக்கோவலூர் டிப்டி கலெக்டரான இராமசாமி ஐயரோ 1907இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். ஏடுகளைப் புரட்டியவர் வியப்புற்றார். கேட்ட வேலையை அவர் அளித்திருத்தல் எளிது, அளிக்கவில்லை. ரெவினியூ இலாகாவின் கடைப்படியில் அமர்த்தி இப்பேரறிவை நெரித்துவிடலாகாது எனக் கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்கட்குக் கடிதம் தந்து அனுப்பினார். வந்தவர்க்கு இல்லை என்றது வன்மையன்றோ எனின், அன்று. அவ்விளைஞர்க்கு அதனினும் பெரிய கொடை வேறில்லை.

நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் உதவி வந்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமாநுஜன் மனம் ஒப்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைப் போர்ட் டிரஸ்ட் காரியாலயத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

ஆங்கு அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர். முன்னர்த் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பகலில் அதிகாரியும் குமாஸ்தாவுமாய் இருந்த இருவரும், இரவில் திருவல்லிக்கேணி வீட்டில் ஆளுக்கொரு பலகையுடன் அமர்ந்து கணிதம் ஆய்ந்தனர். இராமாநுஜனோ பத்துப் படிகளை ஒரே தாவலில் கடந்து முடிவைக் கூறுவார். தமக்கே விளங்காதது பிறர்க்கு எங்ஙனம் விளங்கும் எனக் கூறி, இடைப்படிகளை ஒவ்வொன்றாக எழுதுமாறு நாராயண ஐயர் இடைவிடாது வற்புறுத்துவார். மேதையாயினும் தம் கருத்தைப் பிறர் அறியுமாறு உரைக்கப் பயிலல் வேண்டும்; அப்பயிற்சி அவர்க்குத் தம் மேலதிகாரியிடமே வாய்த்தது.

காரியாலயத் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியல் வல்லுநர். அவரும் தம் கீழ்ச் சிறு பதவியிலிருந்தவரின் பெருமையை உணர்ந்து துணை நின்றார். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இராமாநுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்றே அதில் தம்மை அறிவித்துக்கொண்டார். ஹார்டியும் அவர் தகுதியை உணர்ந்தார். அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது. காரியாலயமும் சம்பளமின்றி இரண்டாண்டு விடுமுறை அளித்தது.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறியவர், நாராயண ஐயரிடம் தொடங்கிய பயிற்சியை ஹார்டியிடம் தொடர்ந்தார். 1916இல் பட்டமும், 1918இல் ராயல் சொஸைடி அங்கத்தினர் பதவியும், டிரினிடி கல்லூரி ஆய்வாளர் பதவியும் எய்தினார். ஆயினும் நோய் விடவில்லை. 1919இல் தாயகம் மீண்டு, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் உயிர் நீத்தார்.

இராமாநுஜனின் அறிவு பிறவியிலேயே வாய்த்தது. அதனை எவரும் அவர்க்கு ஈந்தாரல்லர். ஆயின் அஃது அழியாது காத்தோர் உளர். ஒருவர் தகாத வேலையை மறுத்தார். ஒருவர் தக்க வேலையில் இருத்தி உடன் பயின்றார். ஒருவர் விடைகொடுத்து அனுப்பினார். நாளை நம்மிற் சிலர் குமாஸ்தாக்களாவோம்; சிலர் அதிகாரிகளாவோம். குமாஸ்தாவாகின், மேசைமேற் கிடக்கும் வேலையோடு கல்வியை முடித்துவிடாதிருப்போமாக. அதிகாரியாகின், விண்ணப்பத்தோடு வருபவன் கையில் வேறு என்ன ஏடு உள்ளது என்பதையும் ஒரு கணம் வாங்கிப் பார்ப்போமாக.