ஒற்றைக்கண் விமானியின் இறுதிப் புறப்பாடு

கடல்நீரேரியின் ஓரத்தில் வாழும் குடாநாட்டு மக்களுக்குப் படகின் சமநிலை பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. அணியத்தில் சுமை மிகுந்தால் படகு தலைகுத்தும் என்பதைக் குருநகரிலும் பாசையூரிலும் கடற்றொழிலுக்குச் செல்லும் இளைஞனும் அறிவான். இந்த எளிய உண்மையைப் பொருட்படுத்தாமையால் உலகப் புகழ்பெற்ற விமானி ஒருவர் 1935 ஓகஸ்ட் 15 ஆம் திகதி அலாஸ்காவின் களப்பொன்றில் உயிரிழந்தார். அவரே வைலி போஸ்ட்.

1898 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த போஸ்ட், ஒக்லஹோமாவின் எண்ணெய்க் கிணறுகளில் கூலித் தொழிலாளியாக உழைத்தவர். 1926 இல் நேர்ந்த விபத்தில் உலோகத் துண்டொன்று தெறித்து அவரது இடக்கண்ணைப் பறித்தது. கிடைத்த நட்டஈட்டுப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு பழைய விமானம். ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிப்பது கடினம். ஆதலால், மரங்களையும் குன்றுகளையும் நோக்கித் தூரத்தை மதிப்பிட்டு, பின்னர் நடந்து அளந்து, தம்மைத் தாமே பயிற்றுவித்துக் கொண்டார்.

அந்தப் பொறுமை வீண்போகவில்லை. 1931 இல் ஹரோல்ட் கட்டியுடன் 'வின்னி மே' விமானத்தில் 8 நாள் 15 மணி 51 நிமிடங்களில் உலகைச் சுற்றிவந்தார். அதற்கு முன்னைய சாதனை, 1929 இல் 'கிராஃப் செப்பலின்' என்னும் ஆகாயக் கப்பல் எடுத்துக்கொண்ட 21 நாட்களாகும். 1933 இல் தன்னந்தனியராக 7 நாள் 18 மணி 49 நிமிடங்களில் மீண்டும் சுற்றி, தனியே உலகை வலம்வந்த முதல் விமானி ஆனார். 1934 இல் அமுக்க உடை அணிந்து மிக உயரத்தில் பறந்து, விண்வெளி உடைக்கு முன்னோடியாகவும் விளங்கினார்.

1935 இல் ஒரு விமானத்தின் உடலையும் வேறொன்றின் இறக்கையையும் இணைத்துத் தமக்கென விமானமொன்றை உருவாக்கினார். இவ்விணைப்பு ஆபத்தானதெனக் கருதிய லொக்ஹீட் நிறுவனம் அப்பணியை ஏற்க மறுத்தது. எதிர்பார்த்த மிதவைகள் உரிய வேளையில் கிடைக்காததால், பெரிய விமானமொன்றுக்குரிய மிதவைகள் பொருத்தப்பட்டன. விமானத்தின் முன்பகுதி பாரமானது. இயந்திரம் முழுவலுவுடன் இயங்கும்வரை வாற்பகுதியின் மேற்பாயும் காற்று முகப்பை நிமிர்த்தி வைத்திருக்கும். இயந்திரம் நின்றால் அந்த ஆதரவும் நின்றுவிடும்.

புகழ்பெற்ற நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸுடன் பெயர்பாங்ஸ் நகரிலிருந்து பரோ நோக்கிப் பறந்த போஸ்ட், பனிமூட்டத்தில் வழிதவறி வலக்பா களப்பில் இறங்கினார். அங்கிருந்த வேட்டையாளர் கிளேர் ஒக்பியாஹாவிடம் வழி கேட்டறிந்து மீண்டும் புறப்பட்டார். நீரைவிட்டு எழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றது. விமானம் மூக்குக் குத்தி ஆழமற்ற நீரில் வீழ்ந்தது. இருவரும் மாண்டனர். ஒக்பியாஹா ஏறத்தாழ 25 கிலோமீற்றர் ஓடிச்சென்று பரோவில் செய்தி சொன்னார்.

மரத்துக்கு மரம் தூரத்தை அளந்து பார்த்தே வானேறிய மனிதர், தமது விமானத்தின் பாரத்தை மட்டும் அதே கண்டிப்புடன் அளக்கவில்லை. துணிவு அவரிடம் என்றும் குறைந்ததில்லை. இறுதிப் பயணத்தில் குறைந்தது எச்சரிக்கையே. தீவகத்துக்குப் பயணிகளை ஏற்றும் படகோட்டியும், கிடைத்த உதிரிப்பாகத்தைப் பொருத்தி வாகனத்தை வீதிக்கு விடும் உரிமையாளரும் நினைவிற் கொள்ளவேண்டிய வாழ்க்கை இது. அனுபவம் மிகுந்தவர்க்கும் சமநிலை விதி சலுகை காட்டுவதில்லை.