வாசற்படி தாண்டிய முத்துலட்சுமி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய வீராங்கனை என்று நாடறியும். பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமி என்று அறிந்தவர் சிலரே.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், பருவமடைந்ததும் அக்கால வழக்கப்படி வீட்டுக்குள் இருத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலேயே பயின்று மெட்ரிகுலேஷனில் தேறினார். ஆண்களே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்புக்கிடையே, புதுக்கோட்டை மன்னர் அவருக்கு இடமளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார்.

அவரை வீட்டில் இருத்திய மாதவிலக்குதான் யாது? சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்ட்டிரான் அச்சுவரைக் கருவுக்காகப் பக்குவப்படுத்துகிறது. கரு உண்டாகாவிடில் இவ்விரண்டும் குறைய, உட்சுவர் உதிர்கிறது. இதில் தீட்டு எங்கே வந்தது? ஒரு மாதத்தில் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80க்கு மேற்பட்டாலும், எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலும் அது நோயின் அறிகுறியாகலாம். நார்க்கட்டி, தைராய்டுக் கோளாறு, முட்டை வெளிவராமை, இரத்தம் உறையாமை எனக் காரணங்கள் பல.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்றபடி வேலை பார்க்கும் என் அன்னை, பத்து நாள் உதிரப்போக்கைப் பெண்ணின் தலைவிதி என்றெண்ணி ஈராண்டு வாய்திறக்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். வகுப்பில் இப்பாடம் கேட்ட வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கருப்பையில் நார்க்கட்டி, ஹீமோகுளோபின் 7 கிராம். மருந்துண்டு இப்போது தேறி வருகிறார்.

முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்தவர். அத்துயரமே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. மாதவிடாய் அறவே நின்றபின் காணும் இரத்தம், ஒரு துளியாயினும், புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே காட்டினால் உயிர் பிழைக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் நோய் முற்றும்.

1968இல் அம்மையார் மறைந்தார். சிறுமியரை வீட்டில் அடைத்த அதே வெட்கம் இன்றும் நம் தாய்மாரின் வாயை அடைக்கிறது. அன்புத் தோழியரே, தோழர்களே! இன்றிரவு உங்கள் அன்னையிடம் உடல்நலம் கேளுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்.