யாத்ரீகரின் தோழர் பிலிப்பு நேரியார்

தெய்வ தரிசனம் நாடி நெடுந்தூரம் நடந்து வருவோர்க்குச் சோறும் நிழலும் அளித்தல் பேரறம் என்பது நம் முன்னோர் கொள்கை. சேது வழியிலும் காசியிலும் சத்திரங்கள் எழுந்தது அதனாலன்றோ! அவ்வறத்தை ரோமாபுரியில் தழைக்கச் செய்தவர் அர்ச்சியசிஷ்ட பிலிப்பு நேரியார்.

இவர் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் 1515-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் பிறந்தார். உறவினர் ஒருவருடைய வாணிபம் தமக்கு வந்து சேரவிருந்தும் அதனைத் துறந்து, 1533-இல் கைப்பொருளின்றி ரோமாபுரியை அடைந்தார். அங்கே சுங்க உத்தியோகம் வகித்த ஊர்க்காரர் ஒருவர் சிற்றறை ஒன்றும் உணவுக்கு மாவும் அளித்தார். பிலிப்பு அவர்தம் மக்கள் இருவர்க்கும் கல்வி கற்பித்தார். அயலூரில் ஒருவர் கதவு திறந்துவிடுவது எத்துணை ஆறுதல் என்பதை அந்நாளிலேயே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

தத்துவமும் வேதசாஸ்திரமும் பயின்றபின் தம் புத்தகங்களை விற்று, அப்பணத்தை ஏழைகளுக்கு ஈந்தார். 1548-இல் தம் ஆன்ம குருவாகிய பெர்சியானோ ரோசா என்பவருடன் கூடி, எளிய மக்கள் சிலரைக் கொண்டு பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் ஒரு சபை நிறுவினார்.

1550 ஜூபிலி ஆண்டு. பரிபூரண பலன் பெற விரும்பிய யாத்ரீகர் பல தேசங்களிலிருந்தும் ரோமாபுரியில் வந்து குவிந்தனர். தங்க இடமின்றித் தவித்த ஏழைகளைச் சபையார் அழைத்துவந்து, கால் கழுவி, அன்னமிட்டு, படுக்கையும் அளித்தனர். யாத்ரீகர் கூட்டம் குறைந்த பின்னரும் அவ்வில்லத்தின் கதவு அடைபடவில்லை. மருத்துவமனையினின்று வெளிவந்தும் உடல் தேறாது, போக்கிடமின்றி நின்ற வறியோரை ஏற்றுப் பேணியது.

பிலிப்பு 1551-இல் குருப்பட்டம் பெற்றார். முத்துக்குளித்துறையில் நம் தமிழ் மக்களிடையே உழைத்த அர்ச். சவேரியார் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்களைத் தம் அன்பர்களுடன் வாசித்து வந்தார். தாமும் இந்தியா செல்லவேண்டும் என்ற ஆவல் 1557-இல் அவர் உள்ளத்தில் மூண்டது. துறவி ஒருவரிடம் யோசனை கேட்டார். ரோமாபுரியே அவருக்குரிய இந்தியா என்று விடை வந்தது. பேராவலை அடக்கிக்கொண்டு அங்கேயே தங்கினார்.

தங்கியதன் பயனை உலகம் கண்டது. 1575 ஜூபிலியில் அச்சபையின் விடுதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யாத்ரீகரை உபசரித்தது. நாளடைவில் பிரபுக்களும் கர்தினால்மாரும் அங்கு வந்து ஏழைகளின் கால்களைக் கழுவினர். அவ்வாண்டிலேயே அவருடைய ஓரட்டோரியன் சபையையும் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் அங்கீகரித்தார்.

1595 மே 26-ஆம் நாள், எண்பதை எட்டும் பருவத்தில் பிலிப்பு இறைவனடி சேர்ந்தார். 1622 மார்ச் 12-இல் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் வழங்கப்பட்டது. கடல் கடந்து சென்ற சவேரியாரும் அதே நாளில், அதே மேடையில் அப்பட்டம் பெற்றார்!

நாமும் ஒருநாள் மூட்டை முடிச்சுடன் இவ்வூர் ரயிலடியில் வந்து இறங்கியவர்களே. யாரோ ஒருவர் நமக்குக் கதவு திறந்தார். இனி வருவோர்க்கு நாம் திறப்போமாக.