பாட்டுக்கு நடுவே ஒரு சிறுமி



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று நினைத்தேன். நான் எடுத்துக்கொண்டது மரியா மாண்டிசோரி அம்மையார். எல்.கே.ஜி. பள்ளிக்கூடத்துப் போர்டில் பார்த்த பெயராச்சே, டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

இந்த வருஷ ஆரம்பத்தில், டிராயிங் ஹாலில் மெல்லிசாகப் பாட்டுப் போட அனுமதி கேட்டு ஒரு மனு எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் முதல் கையெழுத்து என்னுடையது. மணிக்கணக்கில் டிராஃப்டரோடு மல்லுக்கட்டுகிறோம், பாட்டு இருந்தால் அலுப்புத் தெரியாது, மார்க்கும் ஏறும் என்பது நம் வாதம். மனுவை வாங்கிய துறைத் தலைவர் மறுக்கவில்லை. மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா, பார்க்கலாம் என்றார். ஆதாரம் தேடி நூலகத்துக்குள் நுழைந்தபோதுதான் இந்த அம்மையார் எனக்குக் கிடைத்தார்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆரணிக்காரன். பட்டுச்சேலை ஆரணி இல்லை, பெரியபாளையம் பக்கத்து ஆரணி. ஆடி மாசம் வந்தால் எங்கள் பக்கம் விடிய விடிய அம்மன் பாட்டுதான். அந்தச் சத்தத்தில் படித்து வளர்ந்தவன், காதில் இயர்போன் இல்லாமல் புத்தகத்தைத் தொடமாட்டேன். பாட்டுக் கேட்டால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்று அம்மாவிடம் சாதிப்பேன். கணக்கில் அரியர் விழுந்தபோதுகூட பாட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை!

இனி அம்மையார் கதைக்கு வருவோம்.

இத்தாலியில் கியாரவாலே என்ற ஊரில் 1870 ஆகஸ்ட் 31-ல் பிறந்தார். பதிமூன்று வயதில் அவர் போய்ச் சேர்ந்தது எங்கே தெரியுமா? தொழில்நுட்பப் பள்ளியில்! ஆமாம் நண்பர்களே, நம்ம ஆளுதான். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிறகு மனசு மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. மாணவர்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பதா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தார்கள். எல்லோரும் போன பிறகு தன்னந்தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1907 ஜனவரி 6-ல், ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில், ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் சேர்த்து ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, படிக்கட்டிலும் தெருவிலும் அலைந்த பிள்ளைகள் அவர்கள்.

அங்கேதான் மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி அவர் கண்ணில் பட்டாள். மரக்கட்டையில் வரிசையாகத் துளைகள். அவற்றில் சரியாக உட்காரும் வெவ்வேறு அளவு உருளைகள். ஃபிட்டிங்கில் துளைக்கும் தண்டுக்கும் பொருத்தம் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். சிறுமி எல்லாவற்றையும் எடுப்பாள், கலப்பாள், மறுபடி பொருத்துவாள். அவளுடைய கவனம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அம்மையார் ஒரு சோதனை செய்தார். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொல்லி, அவளைச் சுற்றி நடமாட விட்டார். அவள் தலை நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, யாரும் சொல்லாமல் தானாக நிறுத்தினாள். நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல முகத்தில் அப்படி ஒரு தெளிவு!

படித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். ஆதாரம் கிடைச்சாச்சு, பாட்டு படிப்பைக் கெடுக்காது! ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது சுருதி இறங்கிவிட்டது. பாட்டு அவளைக் கெடுக்கவில்லை, சரி. உதவியதா? அதுவும் இல்லை. அது அவள் காதிலேயே விழவில்லை! கைக்கு ஏற்ற வேலை, அதில் தானாக வந்த ஆசை. கவனம் அங்கிருந்து வந்தது. தவிரவும், ஒரு பிள்ளையை ஒரு நாள் பார்த்தது எல்லோருக்கும் ஆதாரம் ஆகிவிடுமா? அம்மையாரே அதோடு நிற்காமல், வருஷக்கணக்காக எத்தனையோ பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

அதே பள்ளியில் அவர் மௌனப் பாடம் ஒன்றையும் கொண்டுவந்தார். பிள்ளைகள் அசையாமல் உட்காருவார்கள். கடிகாரத்தின் டிக் டிக் கேட்கத் தொடங்கும். அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராக ரகசியக் குரலில் கூப்பிடுவார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். இசையையும் அவர் ஒதுக்கவில்லை. பார்வைக்கு ஒரே மாதிரி, ஓசையில் மட்டும் வேறுபடும் மணிகளைக் கொடுத்து, காதால் ஜோடி சேர்க்கச் சொன்னார். இசை அங்கே பின்னணி இல்லை, அதுவே பாடம்!

இந்த அம்மையார் எங்கோ சீமையில் மட்டும் வாழ்ந்தவர் என்று நினைக்காதீர்கள். 1939-ல், 69 வயதில், தியாசபிகல் சொசைட்டி தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் மகன் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். நம் ஆரணியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாசத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் வெள்ளைக்கார அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தார்கள். அம்மையார் அடையாறை விட்டு நகரக் கூடாது. அந்த ஆகஸ்ட் 31-ல், அவருடைய எழுபதாவது பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்தார்கள். போர் முடியும்வரை இந்தியாவில்தான். கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி வந்து போய், 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார். பிற்பாடு இத்தாலி தன் 1000 லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது.

மனு விஷயத்துக்காக இன்னொன்றும் தேடினேன். 1993-ல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பத்து நிமிஷம் மொசார்ட் இசை கேட்டவர்கள், வடிவங்களை மனசில் மடித்துப் பார்க்கும் கணக்கை நன்றாகச் செய்தார்கள். உலகமே இதைப் பேசியது. ஆனால் அவர்கள் இசை கேட்டது வேலைக்கு முன்னால், வேலைக்கு நடுவில் இல்லை. பலனும் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. நாம் மனுவில் கேட்டது வேறு.

கடைசியில் என் மனசை மாற்றியது அப்பாதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறார். டூல் அதிர்ந்தால் முதலில் காதுக்குத்தாண்டா தெரியும், அப்புறம்தான் ஜாப்பில் கோடு விழும் என்பார். அம்மையார் மணிகளை வைத்துக் கற்றுக்கொடுத்த அதே காது! நான் அந்தக் காதை இயர்போனால் அடைத்து வைத்திருந்தேன்.

ஒரு மாசம் இயர்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். முதல் வாரம் நரகம்! அப்புறம் ஒருநாள் ராத்திரி, தெருக்கோடியில் ஸ்பீக்கர் அலறியதே எனக்குத் தெரியவில்லை என்று தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அரியர் பரீட்சை எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ராத்திரி எனக்குப் போதும்.

ஆகவே நண்பர்களே, மனுவைத் திருத்தி எழுதலாமா? டிராயிங் வகுப்பு தொடங்கும்முன் ஐந்து நிமிஷம் மௌனம். வாரம் ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு, காதார ஒரு மணி நேரம் பாட்டு. இதற்கும் முதல் கையெழுத்து என்னுடையதே!

– மூன்றாமாண்டு, இயந்திரவியல்