கணித மேதை சீனிவாச இராமானுஜன்

கணக்குப் பாடம் என்றதும் நம்மில் பலருக்கு அச்சம் தோன்றுகிறது. அதிலும் வழிக்கணக்கு என்றால் சொல்லவே வேண்டாம். சமன்பாட்டைக் கொடுத்தால் விடை கண்டுவிடுகிறோம். அதையே தந்தை வயது, மகன் வயது என்று கதைபோல் கேட்டால் திகைத்து நிற்கிறோம். இவ்வச்சம் நீங்க, நம் தமிழகம் உலகிற்கு அளித்த கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள். குடும்பத்தில் செல்வம் இல்லை. காகிதம் வாங்கப் பணமின்றி, சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கார் என்பவர் எழுதிய கணித நூல் இவர் கைக்குக் கிடைத்தது. அதில் சுமார் 5,000 முடிவுகள் விரிவான விளக்கமின்றித் தரப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். ஆனால் கணிதத்திலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்கள் பின்தங்கின. கல்லூரி உதவித்தொகை பறிபோயிற்று. பின்பு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கும்பகோணத்திலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் இரயில் பாதை, மதுராந்தகத்தையும் நம் கருங்குழியையும் கடந்தே செல்கிறது. தோல்வியைச் சுமந்த அம்மாணவரும் இவ்வழியே போய் வந்திருப்பார் என்று எண்ணும்போது நம் மனம் நெகிழ்கிறது.

1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில், தாம் கண்ட முடிவுகளை எழுதி இங்கிலாந்திலுள்ள பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி இவரை அழைத்தார். 1914 மார்ச் 17 அன்று கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே நிகழ்ந்த ஒன்று நமக்குப் பெரிதும் பயன்படும். அது முதல் உலகப் போர்க்காலம். பெல்ஜியத்தில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற லூவேன் நகரம் 1914 ஆகஸ்டில் தீக்கிரையாயிற்று. அந்நகரத் தெரு ஒன்றைப் பற்றிய வழிக்கணக்கு அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஆங்கில இதழில் வந்தது. தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. நண்பர் ஒருவரின் வீட்டுக்கு இடப்புற எண்களின் கூடுதலும் வலப்புற எண்களின் கூடுதலும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவர் வீட்டு எண் என்ன?

கல்கத்தாவைச் சேர்ந்த மகலனோபிஸ் என்னும் மாணவர், இராமானுஜனின் அறைக்கு உணவருந்த வந்திருந்தார். அவர் எண்களை இட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டார். அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் கணக்கைப் படித்துக் காட்டினார். கரண்டியைக் கீழே வைக்காமலே அவர் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்! ஒரு விடை மட்டுமல்ல, எத்தனை வீடுகள் உள்ள தெருவானாலும் பொருந்தும் விடைகள் யாவும் அதிலிருந்து கிடைத்தன.

தொடர் பின்னம் நமக்கு எட்டாததாக இருக்கலாம். அதற்கு முந்திய படி நமக்கு எட்டும். வீட்டு எண்ணை ‘அ’ என்றும், மொத்த வீடுகளை ‘ம’ என்றும் கொள்வோம். இடப்புறக் கூடுதல் அ(அ−1)/2. வலப்புறமும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து அ(அ−1). நண்பரின் வீட்டு எண்ணாகிய அ-வையும் சேர்த்தால் அ×அ. இதுவே தெருவின் முழுக் கூடுதல். அதை ம(ம+1)/2 என்றும் எழுதலாம். ஆகவே ம(ம+1)/2 = அ×அ. ம 8 ஆனால் அ 6. இடப்புறம் 1 முதல் 5 வரை கூட்ட 15. வலப்புறம் 7-உம் 8-உம் கூட்ட 15. ம 288 ஆனால் அ 204. இதுவே இதழ் கேட்ட விடை.

பார்த்தீர்களா தோழிகளே! தெருவும் நண்பரும் மறைந்து ஒரு சமன்பாடு நின்றது. தெரியாததற்கு ஒரு பெயர் இடுவதும், எது எதற்குச் சமம் என்று தேடுவதுமே வழிக்கணக்கின் திறவுகோல். சிறிய எண்ணை இட்டுச் சரிபார்த்தால் துணிவும் வரும். இதற்கு மேதையாகப் பிறக்க வேண்டியதில்லை, பொறுமை போதும்.

1918-இல் இராமானுஜன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆனால் உடல் நலம் குன்றி 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில், 32 வயதிலேயே காலமானார். பத்து வயதில் அவரை மணந்த ஜானகி அம்மையார், பின்பு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து 1994-இல் மறைந்தார். அவர் மணமான வயதில் நாம் பள்ளியில் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு.

டிசம்பர் 22 இன்று தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்கியவர் இராமானுஜன். நாமும் கணக்கைக் கண்டு ஒதுங்காமல், பெயரிட்டு, சமன் தேடி, துணிந்து முயல்வோம்!