குற்றாலத்தில் ஒரு தந்தை

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைப் பற்றி நெல்லைச் சீமையில் வழங்கும் கதைகளில் ஒன்று, முதன்முறை கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். அவருடைய ஒரே மகன் தீத்தாரப்பன் இளம் வயதில் காலமானார். தீபன் என்ற பெயரில் நல்ல உரைநடை எழுதிவந்தவர் அவர். செய்தியறிந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஓர் இரங்கற்பா எழுதி அனுப்பினார். அதைப் படித்த ரசிகமணி, இத்தகைய ஒரு பாடல் கிடைக்குமென்றால் இன்னொரு மகனையும் இழக்கலாம் என்ற பொருளில் நண்பர்களிடம் நெகிழ்ந்தார் என்பது கதை. மேடைகளில் இதைக் கவிதைப் பித்தின் உச்சமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். அந்தக் கைதட்டலில் ஏதோ பிசகு இருப்பதாகவே எனக்கு எப்போதும் தோன்றும். மகனைப் பறிகொடுத்த மனிதர் ஒருவர் பேசியதை, ரசனையின் பெருமிதமாக மட்டும் எடுத்துக்கொள்வது சரியா?

தென்காசி வட்டாரத்தின் நிலவளமும் கோயில் வளமும் உள்ள குடும்பமொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர் சிதம்பரநாதர். சட்டம் படித்தார். வழக்குரைஞர் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், 1930-களின் முற்பாதியில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் இருந்தார். இந்தப் பதவிகளுக்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. நினைப்பதெல்லாம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டு முற்றத்துக்காக. வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அந்த முற்றத்தில் மாலை வேளைகளில் நண்பர்கள் கூடுவார்கள். பிற்காலத்தில் நீதிபதியாக உயர்ந்த எஸ். மகராஜன், ஆட்சிப் பணியில் இருந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாச ராகவன் எனப் பலரும் அங்கே உட்கார்ந்து பழகியவர்கள். சங்கம் என்ற பெயரோ, சந்தாவோ, தீர்மானங்களோ கிடையாது.

அங்கே நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாடலை எடுத்துக்கொள்வார் ரசிகமணி. அவசரப்படாமல் வாய்விட்டுப் படிப்பார். புணர்ச்சியைப் பிரித்து, மூச்சு நிற்கும் இடத்தில் அடியை நிறுத்தி, மறுபடியும் படிப்பார். அந்தப் பாடலில் பேசுகிறவர் யார், எந்த நிலையில் நிற்கிறார், அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று சிறிது நேரம் பேசுவார். பிறகு மீண்டும் படிப்பார். உணர்ச்சியும் தாளமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. சொற்பொருளைத் தனியே உரித்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் கவிதை போய்விடும் என்று அவர் கருதினார். பல வேளைகளில் படிப்பவரும் கேட்பவரும் கண்கலங்கியிருக்கிறார்கள். படித்த, உத்தியோகத்தில் இருந்த ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து கண்ணீர் விட்டதைப் பற்றி யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

நம் தென்மாவட்டங்களில் சாவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. மார்பில் அடித்து, இறந்தவரின் குணம் ஒவ்வொன்றையும் பாட்டாக அடுக்கி, கூட்டத்தோடு சேர்ந்து அழுது தீர்க்க அவர்களுக்கு ஒரு வடிவம் இருந்தது. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அது இல்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குக் கை நீட்டிவிட்டு, எடுக்க வேண்டிய நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியவர்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது. கவிமணியின் பாடல் ரசிகமணியின் கைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது வெறும் இலக்கிய இன்பம் என்று என்னால் நம்ப முடியவில்லை. தன் மகனுக்காகத் தான் பாடியிருக்க வேண்டிய ஒப்பாரியை, தன்னை நன்கறிந்த நண்பர் ஒருவர் பாடி அனுப்பிவிட்டார். அழுவதற்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டது. இன்னொரு மகனையும் இழக்கலாம் என்ற சொல், நன்றியும் துயரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வெளிவந்த சொல்லாகவே எனக்குப் படுகிறது. அந்த வீட்டில் மகனை இழந்த தாய் பிச்சம்மாளும் இருந்தார், கணவனை இழந்த இளம் பெண்ணும் இருந்தார். அவர்கள் துயரம் எப்படி ஆறியது என்பதை மேடைக் கதைகள் கேட்பதே இல்லை.

இதே போன்ற அனுபவத்தை ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் தன் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். 1826-இல், இருபது வயதில், எதிலும் பற்றில்லாத பெரும் சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. எதையும் பகுத்து ஆராயவே பழக்கப்பட்ட அவருடைய அறிவு அப்போது உதவவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெல் தன் தந்தையின் மரணத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களைப் படித்தபோது மில்லுக்குக் கண்ணீர் வந்தது. தனக்கு உணர்ச்சி செத்துவிடவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மேலும் தேற்றின. அவற்றைத் தன் மனத்துக்கு மருந்து என்றே அவர் கருதினார்.

கலையை ஆற்றுப்படுத்தலுக்குப் பயன்படுத்துவது பிறகு ஒரு துறையாகவே வளர்ந்தது. காசநோயால் மருத்துவமனையில் கிடந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர், படுக்கையில் படம் வரைவது தனக்கும் சக நோயாளிகளுக்கும் தெம்பு தருவதைக் கண்டார். ஓவிய சிகிச்சை என்ற பெயரை அவர் 1942-இல் வழங்கினார். இன்று கவிதையை வைத்துப் பணியாற்றும் ஆலோசகர்கள் செய்வதைக் கவனித்தால் வட்டத்தொட்டியின் சாயல் தெரியும். துயரத்தில் இருப்பவரிடம் நேராகப் போய் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்பதில்லை. ஒரு கவிதையைச் சேர்ந்து படிக்கிறார்கள். அதில் வரும் மனிதரைப் பற்றிப் பேசவிடுகிறார்கள். வேறொருவரின் துயரைப் பேசுகிற சாக்கில் தன்னுடையது வெளியே வருகிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஆலோசகருக்கு, எந்தத் துயரம் கவிதைக்குக் கட்டுப்படும், எது மருத்துவரிடம் செல்ல வேண்டியது என்று பிரித்தறியும் பொறுப்பு இருக்கிறது. ரசிகமணி சிகிச்சை எதையும் செய்யவில்லை. அவர் நட்பு செய்தார்.

அந்த நட்பின் பிற்காலக் களம் குற்றாலம். பதவியிலிருந்து விலகிய பிறகு அவர் அங்கே குடியேறினார். ஆனியில் தொடங்கும் சாரல் காலம் முழுவதும் அவர் வீட்டில் விருந்தினர்கள்தான். ராஜாஜி வருவார், கல்கி வருவார், பெயர் தெரியாத இளைஞர்களும் வருவார்கள். காலையில் அருவிக் குளியல், பிறகு பொன்னிறத் தோசை, அதன்பின் பாட்டு. இந்த வரிசையை அவர் பெரும்பாலும் மாற்றியதில்லை. நடராசர் ஓவியமாக ஆடும் சித்திர சபை இருக்கும் ஊர் அது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பிறந்த ஊரும் அதுவே. அந்தக் குறவஞ்சியை அருவியோசை கேட்கும் தூரத்தில் இருந்து அவர் சொல்லக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். வர இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதுவார். சாரல் எப்படி, யார் வந்தார்கள், நேற்று எந்தப் பாடல் பிடிபட்டது என்று எதிரே உட்கார்ந்து பேசுவது போல் எழுதிய அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. அவற்றில் உபதேசத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அவர் மீது புலவர்களுக்குத் தீராத வருத்தம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று தள்ளினார். ஏற்றுக்கொண்டவற்றிலும் சொற்களைத் திருத்தினார். சுவடி ஆதாரம் காட்டாமல், தன் செவியையும் இதயத்தையும் சான்றாக வைத்தார். பதிப்பாசிரியர் ஒருவர் அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் ஒவ்வொரு பாடலையும் எதிரே நின்று பேசும் ஒரு குரலாக அவர் கேட்ட அந்தப் பிடிவாதம்தான், பாடலைக் கொண்டு பிறரைத் தொடவும் அவரால் முடிந்ததற்குக் காரணம். இரண்டையும் பிரித்துவிட முடியாது.

அந்தக் கம்பனோடுதான் அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு உயிர் விடும் தசரதனும், இந்திரசித்தின் உடலைத் தேடிப் போர்க்களத்துக்குப் போகும் இராவணனும் நிறைந்த காவியம் அது. புத்திர சோகத்தைக் கம்பனைப் போல் பாடியவர் தமிழில் குறைவு. மகனை இழந்தவர் அந்த நூலை மூடி வைக்கவில்லை. தெரிந்தெடுத்த பாடல்களுக்கு உரை எழுதி, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1954 பிப்ரவரியில் ரசிகமணி மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் போய்ச் சேர்ந்தார்கள். தீபனுக்காகக் கவிமணி எழுதிய பாடலை இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள்; தீபன் எழுதியவற்றைத் தேடிப் படிப்பவர்கள்தான் சிலர்.