நிஷி பிரபுவும் யுரேனஸ் என்ற குதிரையும்

யப்பான்காரர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1942ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுதான் நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதியான அன்று காலை கொழும்பில் குண்டு விழுந்தது. சனங்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினார்கள். முன்னேஸ்வரம், சிலாபம் பக்கத்துக் குடும்பங்களில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். அந்த யப்பானின் படையிலே இருந்த ஓர் அதிகாரியின் வாழ்வைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தாகெயிச்சி நிஷி 1902 ஜூலை 12ஆம் திகதி டோக்கியோவில் பிறந்தார். தந்தை பிரபுப் பட்டம் பெற்றவர். வெளிநாட்டமைச்சராகவும் சீனாவில் தூதராகவும் இருந்தவர். தாய் அவருக்கு முறைப்படி வாழ்க்கைப்பட்டவர் அல்லர். ஆகவே பிள்ளையை வைத்துக்கொண்டு தாயை வெளியே அனுப்பிவிட்டார்கள். சிறு வயதிலேயே தந்தையும் இறக்க, பட்டமும் பெருஞ்செல்வமும் சிறுவனைச் சேர்ந்தன.

வளர்ந்தபின் குதிரைப்படையில் அதிகாரியானார். தடை தாண்டும் போட்டியிலே பேரார்வம். நுவரெலியாப் பந்தயம் போன்றதல்ல இது. அங்கே முந்துவதே வெற்றி. இங்கே மரச்சட்டங்களையும் சுவர்களையும் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். விழுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி தண்டம். குதிரைக்கு மனமில்லையென்றால் எந்தச் சவுக்காலும் அதைத் தாண்டவைக்க முடியாது.

1930இல் இத்தாலியிலே யுரேனஸ் என்ற குதிரையைக் கண்டார். பெரிய உருவம், முரட்டுக் குணம். வாங்க இராணுவம் பணம் தரவில்லை. தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கினார்.

1932 ஓகஸ்ட் 14, லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். நான்கு நாடுகளின் 11 வீரர்கள் இறங்கினார்கள். தடைகள் அத்தனை கடுமையானவை; எந்த நாட்டின் குழுவும் முழுமையாக முடிக்காததால் குழுப் பதக்கமே வழங்கப்படவில்லை. நிஷிக்கு 8 தண்டப் புள்ளிகள், அமெரிக்கரான சேம்பர்லினுக்கு 12. தங்கம் நிஷிக்கு! வென்றது தாம் மட்டுமல்ல, குதிரையுந்தான் என்பது அவருடைய எண்ணம். குதிரையேற்றத்தில் யப்பான் பெற்ற ஒரே ஒலிம்பிக் தங்கம் இன்றுவரை அதுவே.

1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் யப்பானியர் குடியேறுவதையே தடுத்திருந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இவரைக் கௌரவப் பிரசையாக்கியது. ஹொலிவூட் நட்சத்திரங்களான டக்ளஸ் பெயார்பாங்ஸும் மேரி பிக்போர்டும் நண்பர்களானார்கள். அங்கு வாழ்ந்த ஏழை யப்பானியக் குடியேறிகளுக்கு அது எவ்வளவு பெரிய தலைநிமிர்வு என்பதை, அந்நிய மண்ணில் உறவினரை வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1936இல் பெர்லினில் பதக்கம் கிட்டவில்லை. பின்பு குதிரைகளின் இடத்தைத் தாங்கிகள் பிடித்துக்கொண்டன. 1944இல் 26ஆவது தாங்கிப் படையணியின் தலைவராக இவோ ஜிமா தீவுக்கு அனுப்பப்பட்டார். யாருக்கு எதிராக? தம்மைக் கௌரவித்த அதே அமெரிக்கருக்கு எதிராக. வழியிலே, ஜூலை 18இல், அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று கப்பலைத் தாக்கியது. 28 தாங்கிகளும் கடலில் மூழ்கின. வேறு தாங்கிகள் கேட்டு டோக்கியோவுக்குத் திரும்பியவர், முதுமையடைந்திருந்த யுரேனஸைப் பார்க்கப் போனார். காலடியோசை கேட்டே அது எசமானை அறிந்து, கழுத்தை அவர்மீது உரசியதாம். அதன் பிடரிமயிரில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனார்.

1945 பெப்ரவரி 19இல் அமெரிக்கர் கரையிறங்கினார்கள். தாங்கிகளை மண்ணிலே புதைத்துவைத்துப் பீரங்கிகளாகப் பாவித்தார் நிஷி. சரணடையும்படி அவருடைய பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சான்றில்லாத கதை அது. உருக்கமாக இருக்கிறது என்பதற்காக நான் நம்பச் சொல்லமாட்டேன். மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் அவர் இறந்தார். வயது 42. தீவிலிருந்த ஏறத்தாழ 21,000 யப்பானியரில் மிகச் சிலரே உயிர் தப்பினார்கள். அமெரிக்கரிலும் 6,800 பேரளவில் மாண்டார்கள்.

எசமான் இறந்து ஒரு வாரமளவில் யுரேனஸும் இறந்தது. அந்தப் பிடரிமயிர் 1990இல் அமெரிக்காவிலே கண்டெடுக்கப்பட்டு, ஹொக்கைடோவிலுள்ள ஹொன்பெத்ஸு என்ற சிற்றூரின் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது.